‘சூடு’ என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாம் ஒரு நாளில் எத்தனை முறை ‘சூடு’ என்று சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். காப்பி சூடு, உடம்பு சூடு, வியாபாரம் சூடுபிடித்தது, துப்பாக்கிச் சூடு, சூடு சொரணை. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்களும் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்களும் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

‘சூடு’ எங்கிருந்து வந்தது?

‘சுடு’ என்ற வினையிலிருந்து. பின்னால் எந்த விகுதியும் சேரவில்லை. முதல் எழுத்து குறிலிலிருந்து நெடிலாக நீண்டது, அவ்வளவுதான். கெடு கேடு ஆனது, பெறு பேறு ஆனது, படு பாடு ஆனது. அதே வழியில் சுடு, சூடு ஆனது. இலக்கணத்தில் இதற்கு ‘முதனிலை திரிந்த தொழிற்பெயர்’ என்று பெயர். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்போம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ‘சுடுதல்’ என்றால் செயல் நடந்துகொண்டிருக்கிறது. ‘சூடு’ என்றால் அந்தச் செயலால் விளைந்து தங்கியிருப்பது. பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டோம், தீயையும் அணைத்தாயிற்று. சுடுதல் முடிந்துவிட்டது, ஆனால் பானையில் சூடு இருக்கிறது. கெடுதல் முடிந்தபின் நிற்பது கேடு, பெறுதல் முடிந்தபின் கையில் இருப்பது பேறு. ஒரு மாத்திரை ஒலி இரண்டு மாத்திரையாக நீள்வதில் இவ்வளவு பொருள் அடங்கிவிடுகிறது.

சரி, அந்தச் ‘சுடு’வுக்கு என்ன பொருள்? எரிப்பதா, சூடாக இருப்பதா?

இரண்டும்தான். அம்மா அடுப்படியில் தோசை சுடுகிறாள். கல்லிலிருந்து தட்டுக்கு வந்த தோசையைப் பிள்ளை தொட்டுவிட்டு, வெடுக்கென்று கையை இழுத்து “சுடுது” என்கிறது. முதல் வாக்கியத்தில் சூட்டை வாங்கியது தோசை. இரண்டாவதில் சூட்டைக் கொடுத்தது அதே தோசை. வினை மாறவில்லை. நெருப்பு மாவுக்குச் செய்ததை, மாவு தோசையாகி விரலுக்குச் செய்கிறது.

‘சுடு’ என்ற சொல்லுக்குத் தொடுதல் முக்கியம் என்று நான் நம்புகிறேன். திருவள்ளுவர் காமத்துப்பாலில் கேட்கிறார்: “தொடிற்சுடின் அல்லது காமநோய் போல விடிற்சுடல் ஆற்றுமோ தீ” (1159). தீ தொட்டால்தான் சுடும், காமநோய் போல விலகி நின்றால் சுடுமா என்பது கேள்வி. தொட்டால் சுடுவதே சுடுதலின் இயல்பு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் இந்தக் குறளில் வியப்பு பிறக்கும். “தன்நெஞ்சே தன்னைச் சுடும்” (293) என்று அவர் பொய் சொன்னவனைப் பற்றிச் சொல்வதும் அப்படித்தான். நெஞ்சைவிட நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருப்பது வேறு எது?

அப்படியானால் வெப்பம், வெயில், வெக்கை, அனல், புழுக்கம் எல்லாம் சூடுதானே?

எல்லாம் ஒரு குடும்பம்போலத் தோன்றும். ஆனால் இடம் பார்த்துத்தான் வரும்.

வெப்பம், வெயில், வெக்கை, வெதுவெதுப்பு, வெந்நீர், வேனில், வேகுதல் எல்லாம் ‘வெ’, ‘வே’ என்ற தனி வேரில் கிளைத்தவை. ‘சுடு’ குடும்பத்துக்கும் இதற்கும் பிறப்பில் தொடர்பு இல்லை. வெயில் என்றால் கதிரவனின் ஒளியும் காங்கையும் சேர்ந்தது. நிழலில் நின்றால் வெயில் இல்லை, ஆனால் வெக்கை இருக்கும். காற்று அசையாமல் ஈரம் சேர்ந்து வியர்த்துக் கொட்டினால் அது புழுக்கம். அனல் என்பது நெருப்பின் பக்கத்தில் முகத்தில் அடிப்பது, அனல்காற்று அப்படி வந்த பெயர்தான். சாம்பலுக்கு அடியில் சிவந்து கிடப்பது தணல். சூடு என்றால் ஒரு பொருளில் ஏறியிருப்பது: சட்டியில் சூடு, தரையில் சூடு, நெற்றியில் சூடு.

அதனால்தான் “இன்று ரொம்பச் சூடு” என்பதைவிட “இன்று வெயில் கொளுத்துகிறது” என்பது தமிழ்க் காதுக்கு இயல்பாகக் கேட்கிறது. செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கியவர் மட்டும் “தரை சுடுது” என்பார்.

பாடநூல்களில் வெப்பம், வெப்பநிலை என்று இரண்டு சொற்களைப் பிரித்திருக்கிறார்கள், அது தேவையான பிரிவு. ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு அண்டாத் தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருக்கலாம். ஆனால் அண்டாவில் இருக்கும் வெப்பம் மிக அதிகம். வீட்டுப் பேச்சில் இந்த இரண்டுக்கும் ‘சூடு’ ஒன்றே போதும். இயற்பியல் எழுதும்போது போதாது.

உஷ்ணம் வடமொழிச் சொல். பேச்சிலும் வைத்தியத்திலும் நன்றாகவே கலந்துவிட்டது.

‘காய்ச்சல்’ இதில் எங்கே வருகிறது?

‘காய்’ என்ற வினையிலிருந்து. காய்தல் என்றால் சூடேறுதல், சூட்டால் ஈரம் போதல். எண்ணெய் காய்கிறது, கொடியில் துணி காய்கிறது, உடம்பு காய்கிறது. “என்பி லதனை வெயில்போலக் காயுமே அன்பி லதனை அறம்” (77) என்ற குறளில் எலும்பில்லாத புழு வெயிலில் வதங்கும் காட்சியை ‘காயும்’ என்ற ஒரே சொல் கொண்டுவந்துவிடுகிறது. கசகசவென்று ஈரமாக இருந்த சிறு உயிர் சுருண்டு உலர்வதை இதைவிடக் கிட்டே நின்று காட்ட முடியாது.

‘குளிர் காய்தல்’ பலரைக் குழப்பும். குளிரில் நெருப்புப் பக்கம் உட்கார்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வதுதான் அது. ‘நிலாக் காய்கிறது’ என்பதில் மட்டும் சூடே இல்லை, ஒளி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

காய்ச்சலுக்கு ‘சுரம்’ என்றும் சொல்கிறோமே, அது ‘ஜ்வரம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். சங்கப் பாடல்களில் பாலைநில வழிக்கு வரும் ‘சுரம்’ வேறு சொல்.

பழந்தமிழில் வெம்மைக்கு ஆசை என்று பொருள் உண்டாமே?

உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் உரியியலில் “வெம்மை வேண்டல்” என்று ஒரு சிறு நூற்பாவே இருக்கிறது. வெம்மை என்ற உரிச்சொல்லுக்கு விரும்புதல் என்று பொருள். சங்கப் பாடல்களில் ‘வெய்ய’ என்று வருமிடத்தில் ‘கொடிய’ என்று அவசரமாகப் பொருள் எடுத்தால் பாட்டே தலைகீழாகிவிடும். சில இடங்களில் அது ‘விரும்பத்தக்க’ என்று பொருள்படும். பழைய பாடல்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

‘சுடுதண்ணீர்’ என்பது தவறா?

கணக்குப் பார்த்தால் முரண்தான். தண்ணீர் என்றால் தண்மையான நீர், அதாவது குளிர்ந்த நீர். ‘சுடுதண்ணீர்’ என்றால் ‘சுடும் குளிர்நீர்’ என்றாகிறது. வெம்மை, நீரோடு சேர்ந்து பிறந்த ‘வெந்நீர்’ இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கோபப்படுகிறார்கள்.

நான் கோபப்பட மாட்டேன். ‘தண்ணீர்’ தன் தண்மையை இழந்து வெறும் நீர் என்ற பொருளுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ‘நல்லெண்ணெய்’ என்கிறோம். எண்ணெய் என்பதே எள்ளின் நெய். அந்தப் பழைய பொருளை நினைத்துக்கொண்டா ‘தேங்காய் எண்ணெய்’ என்கிறோம்? ஈழத்திலும் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் சுடுதண்ணி என்று வீட்டுக்கு வீடு புழங்குகிறது. வெந்நீர் எழுத்திலும், ‘வெந்நி’ என்று தென்மாவட்டப் பேச்சிலும் நன்றாகவே வாழ்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

அண்டை மொழிகளில் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. மலையாளத்தில் ‘சூடு’ என்பதுதான் அன்றாடச் சொல். நாம் வெயில், வெக்கை, புழுக்கம் என்று பிரித்துச் சொல்லும் இடங்களிலும் அவர்கள் ‘நல்ல சூடு’ என்று முடித்துவிடுவார்கள். கன்னடத்தில் ‘சுடு’ என்றால் எரி, சுடு. நம் ‘சுடுகாடு’ அங்கே ‘சுடுகாடு’ என்றே வழங்குகிறது. மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியில் இந்த உறவுச் சொற்களை ஒரே இடத்தில் வரிசையாகப் பார்க்கலாம். அதன் திருந்திய பதிப்பு 1984-இல் வந்தது.

‘வெ’ குடும்பமும் இப்படிப் பரவியதுதான். தெலுங்கில் சூட்டுக்கு ‘வேடி’, கோடைக்கு ‘வேசவி’. மலையாளத்தில் கோடை ‘வேனல்’, நம் வேனிலேதான். கன்னடத்தில் வகரம் பகரமாகும் என்பது தெரிந்தால் அங்கே சூட்டுக்கு ‘பிசி’, வெயிலுக்கு ‘பிசிலு’, கோடைக்கு ‘பேசிகெ’ என்று வருவதும் அந்நியமாகத் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை. தெலுங்கில் ‘சூடு’ என்று கேட்டால் கையை இழுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அதற்குப் ‘பார்’ என்று பொருள். ஒலி ஒற்றுமை மட்டுமே.

பூச்சூடுவதும் இந்தச் சூடுதானா?

இல்லை. அணிதல், தலையில் தரித்தல் என்ற பொருளில் வரும் ‘சூடு’ தனி வினை. முடிசூட்டுவது, பெயர் சூட்டுவது, மாலை சூடுவது எல்லாம் அந்தப் பக்கம்.

பிரித்தறிய எளிய வழி இறந்தகாலம். நெருப்பின் சுடு ‘சுட்டாள்’ என்று வரும். பூவின் சூடு ‘சூடினாள்’ என்று வரும். இதே சிக்கல் ‘பாடு’ என்ற சொல்லிலும் இருக்கிறது: ‘படாத பாடு’ என்பதில் வரும் பாடு ‘படு’விலிருந்து வந்த பெயர், ‘பாட்டுப் பாடு’ என்பதில் வரும் பாடு தனி வினை.

இந்த இரண்டு குடும்பமும் அருகருகே நிற்கும் ஓர் இடம் உண்டு. திருஞானசம்பந்தரின் முதல் தேவாரப் பாட்டு, சீர்காழியில் பாடியது. “தோடுடைய செவியன் விடையேறி ஓர் தூவெண்மதி சூடிக் காடுடைய சுடலைப்பொடி பூசி” என்று போகும். தலையில் சூடியது குளிர்ந்த நிலவு, உடம்பில் பூசியது சுட்ட சாம்பல். சூடி, சுடலை என்று காதுக்கு ஒன்றுபோல் விழும் இரண்டு சொற்களில் ஒன்று தண்மை, இன்னொன்று நெருப்பு. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

சுடுகாடு, சுடலை, சுடர்: இவையெல்லாம் ஒரே குடும்பமா?

ஆம். பிணத்தைச் சுடும் இடம் சுடுகாடு, சுடலை. புதைக்கும் இடம் இடுகாடு. இப்போது இரண்டையும் கலந்து பேசுகிறோம், ஆனால் பழைய நூல்களில் பிரிவு தெளிவு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் “சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்” என்று இறந்தவர் உடலுக்குச் செய்யும் ஐந்து முறைகள் அடுக்கி வருகின்றன. முதலில் நிற்பவர் சுடுவோர். தென்மாவட்டங்களில் கும்பிடும் சுடலைமாடன் பெயரிலும் இந்தச் சுடலைதான் இருக்கிறது.

சுடர் என்பது எரிவதன் ஒளி. “சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும்” (267) என்ற குறளில் சுடுவதும் சுடர்வதும் ஒட்டி நிற்பதைப் பாருங்கள். சுள்ளென்று வெயில், சுள்ளி விறகு இவற்றையும் சேர்த்து, ‘சுள்’ என்ற வேரைக் காட்டும் வேர்ச்சொல் ஆய்வாளர்களும் உண்டு.

சுட்டுவிரலையும் சுட்டெழுத்தையும் இதில் சேர்க்க வேண்டாம். அந்தச் ‘சுட்டு’ காட்டுதல்.

‘சூடு மிதித்தல்’ என்கிறார்களே, நெருப்பை மிதிப்பதா?

இல்லை, நெல்லை. அறுத்துக் கட்டிய கதிர்க்குவியலுக்குச் சூடு என்று பெயர். அதை மாடு விட்டு மிதிக்கச் செய்து மணி பிரிப்பது சூடு மிதித்தல், சூடடித்தல். மட்டக்களப்புப் பக்கம் வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இது சாதாரணச் சொல். பொருநராற்றுப்படையில் “சூடு கோடாகப் பிறக்கி” என்று வருவதும் இந்தச் சூடுதான். நெல்லரிந்து, கதிர்க்கட்டுகளை மலைபோல் அடுக்கினார்கள் என்று பொருள். உரை இல்லாமல் படித்து ‘வெப்பம்’ என்று எடுத்துக்கொண்டால் அந்த வரி புரியவே புரியாது.

துப்பாக்கியால் ‘சுடுவது’ ஏன்?

அம்பை எய்தார்கள், வேலை எறிந்தார்கள். துப்பாக்கி வந்தபோது இந்த இரண்டு வினையும் அதற்குப் பொருந்தவில்லை. பழைய துப்பாக்கியிலும் பீரங்கியிலும் திரியின் நெருப்பை மருந்தில் வைத்தால்தான் குண்டு பாயும். அதனால் நெருப்பு வினையே அதற்கு வந்து அமைந்தது. திரி போய்விட்டது, வினை நிலைத்துவிட்டது.

‘பேனாவைச் சுட்டுவிட்டான்’?

திருடிவிட்டான் என்று பொருள், பேச்சுவழக்கு. சிறிய பொருள்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். அடுத்தவர் கதையையோ கவிதையையோ எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்வதற்கும் சொல்வார்கள். காக்கை கதையில் பாட்டி சுட்டதும் வடை, காக்கை சுட்டதும் வடை.

உடம்புச் சூடு என்றால் காய்ச்சலா?

காய்ச்சல் வேறு, உடம்புச் சூடு வேறு. வெப்பமானி வைத்தால் ஒன்றும் காட்டாது, ஆனாலும் ‘உடம்பு சூடாகிவிட்டது’ என்போம். கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, வாய்ப்புண், சூட்டுக்கொப்புளம் இவற்றை எல்லாம் சேர்த்துப் பேசும் சொல் அது. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்கிறோம். பப்பாளியைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்து எடுத்தாலும் அது ‘சூடு’தான். இங்கே சூடு என்பது பொருளின் குணம், வெப்பநிலையோடு அதற்குச் சம்பந்தமில்லை. நிறைமாதப் பெண்ணுக்குப் பேறுகாலத்துக்கு முன் வந்து போகும் பொய்வலிக்குச் ‘சூட்டு வலி’ என்று பெயர் வைத்ததும் இந்த வழியில்தான்.

மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ‘சூடான உணவு’ என்றால் அடுப்பிலிருந்து இறங்கியது. ‘சூட்டு உணவு’, ‘உடம்புக்குச் சூடு’ என்றால் குணம். மிளகாய்க்கு இரண்டுமே ஆகாது. அதற்குக் காரம், ஈழத்தில் உறைப்பு. சில மொழிகளில் வெப்பத்துக்கும் காரத்துக்கும் ஒரே சொல் என்பதால், காரமான குழம்பைச் ‘சூடான குழம்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். நம் நாக்கு அந்த இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது.

சூடில், சூட்டில்: எது சரி?

சூட்டில். வீடு வீட்டில் ஆவதுபோல. ‘சூட்டோடு சூடாக’ என்ற தொடரில் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு வேலை ஆறிப்போவதற்குள் அடுத்ததையும் முடிப்பது என்று பொருள்.

‘சூடு போடுவது’ பற்றிய பழமொழிகளில் வரும் சூடு எது?

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வைக்கும் சூடு. மாட்டுக்கு நோய் தீரவும் அடையாளத்துக்கும் சூட்டுக்கோல் வைப்பார்கள். “புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம்” என்பதில் பூனைக்கு வேண்டியது புலியின் வரி. உடம்பில் கோடு கோடாகச் சூடு போட்டுக்கொண்டால் வரி வந்துவிடும் என்று நினைத்தது. இந்தக் காட்சி மனத்தில் வராமல் பழமொழியைச் சொன்னால் ஏதோ பொறாமை என்பது மட்டும்தான் புரியும். “சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது” என்பது அனுபவப்பட்டவரைப் பற்றியது. ‘சூடு சொரணை’ என்னும்போது சூடு உறைக்கும் தோல், அதாவது மான உணர்ச்சி. சூடு வைத்தாலும் உறைக்காதவரைத்தான் அப்படித் திட்டுகிறோம்.

சூட்டுக்கு எதிர்ச்சொல் என்ன?

‘குளிர்’ என்று உடனே சொல்லத் தோன்றும். வீட்டுக்குள் அது அவ்வளவு வராது. சோறும் காப்பியும் குளிர்வதில்லை, ஆறிப்போகின்றன. சூடாறுதல்தான் சுடுதலுக்கு நேர் எதிர். புண்ணும் அப்படியே ஆறுகிறது, கோபமும் அப்படியே ஆறுகிறது. “தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு” (129) என்று எல்லாருக்கும் தெரிந்த குறளில் இந்த இரண்டு வினையும் எதிரெதிராக நிற்கின்றன. நெருப்பு சுட்டதற்கு ஆறும் குணம் உண்டு, சொல் சுட்டதற்கு இல்லை. கஞ்சியையும் புண்ணையும் ஒரே வினையால் பேசும் மொழியில் இதைச் சொன்னதால்தான் இவ்வளவு உறைக்கிறது.

மண்ணுக்கு வேறு எதிர்ச்சொல். சுட்ட பானையை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கும். சுடாததைத் தட்டினால் மொத்தென்று இருக்கும். அந்தச் சுடாத மண்ணுக்குப் ‘பச்சை மண்’ என்று பெயர். “சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?” என்ற பழமொழி அங்கிருந்துதான். காய்ச்சாத நீரைப் பச்சைத் தண்ணீர் என்பதும் இதே கணக்கு.

கடைசியாக, ‘சுட்ட பழம்’ கதை என்ன?

நாவல் மரத்தடியில் களைத்து நின்ற ஔவையிடம், கிளையில் உட்கார்ந்திருந்த மாட்டுக்காரச் சிறுவன் “சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?” என்று கேட்டான். பழத்தைச் சுடுவதுண்டா என்று யோசித்த ஔவை, சுட்ட பழமே போடு என்றார். கிளையை உலுக்கினான். கனிந்த பழங்கள் மணலில் விழுந்தன. எடுத்து, ஒட்டிய மணலை ஊதினார். “பாட்டி, பழம் சுடுகிறதா?” என்று கேட்டது மேலிருந்து குரல். வந்தது முருகன் என்பது கதை. சூடே இல்லாத பழத்தைச் சூடாக்கியது, சூடான பண்டத்தை வாயருகே கொண்டுபோய் ஊதி ஆற்றும் நம் பழக்கம்தான்.